ஏழாம் வரிசைத் தண்ணீர்

சலோரி ஆஸ்பத்திரியில் தண்ணீர் நின்றுபோனபோது பூங்கோதை கடற்கரை ஆலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். முதல் வாய் உள்ளே போவதற்குள் போன் வந்துவிட்டது.

"அக்கா, வார்டுல கொழாய் ஒண்ணுலயும் தண்ணி வரல்ல. ஒரு சொட்டு கூட இல்ல," என்றாள் ஞானசுந்தரி. மார்த்தாண்டத்துப் பெண். குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். எதற்கும் பதறாதவள் என்று பெயரெடுத்தவள். "நீயோவ இப்பதான் டயாலிஸிஸ் மிஷின்ல போட்டோம். பாதியில நிக்கி."

"மோட்டார் ஓடுதா பாத்தியா?"

"மோட்டார் ஓடுது. தண்ணிதான் இல்ல."

பூங்கோதை திரையைத் திருப்பிப் பார்த்தாள். கடல் நீரைக் குடிநீராக்கி ஊருக்கு அனுப்பும் ஆலை அது. ஊருக்குள் போகும் பன்னிரண்டு வரிசைகளில் ஏழாவதைத் தவிர எல்லாம் பச்சையாக இருந்தன. ஏழாவது மட்டும் கறுப்பு. சிவப்பாக இருந்தால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது, ஆளை அனுப்பலாம். கறுப்புக்கு ஆளை அனுப்ப முடியாது. வரிசை தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். இரண்டு வருஷமாக இந்த ஊரில் அந்த நிறத்தை அவள் பார்த்ததில்லை. மூடியைக்கூடப் போடாமல் எழுந்து வண்டியை எடுத்தாள்.

கெரோவா ஒரு தீவு நாடு. அதன் மேல் விழுந்த தடை நியாயமானது என்பதில் பூங்கோதைக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. செம்படகு என்ற கும்பலுக்குப் பணம் கொடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் முகாம் போட்டுக் கொடுத்து, வேற்று நாட்டுத் துறைமுகங்களில் பயணிகள் படகுகளை வெடிக்கவைத்த அரசாங்கம் அது. செத்தவர்களில் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. உலக நாடுகள் கூடி ஓர் ஆணையம் அமைத்துக் கெரோவாவைத் தடைப் பட்டியலில் சேர்த்தன. சேர்க்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் பழைய பாணித் தடையின் யோக்கியதை எல்லாருக்கும் தெரியும். மொத்த நாட்டையும் பூட்டுவார்கள். மந்திரி வீட்டு விருந்து நடந்துகொண்டே இருக்கும், ஊசி மருந்து கிடைக்காமல் ஊரார் வீட்டுப் பிள்ளை சாகும். அந்தப் பழி இனி வேண்டாம் என்று ஆணையம் புது வழி தேடியபோது வழி சொன்ன குழுவில் பூங்கோதையும் ஒருத்தி. கமுதிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவள், தண்ணீரைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்களுக்குத் தண்ணீர் போகட்டும், குற்றவாளிக்கு மட்டும் போகக் கூடாது என்றாள் அவள். அதற்கு அவள் குழு கண்டுபிடித்ததுதான் சுவடு. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு சலோரி ஆலையை நடத்த ஆள் வேண்டும் என்றபோது, மதுரையில் புருஷனையும் மகளையும் விட்டுவிட்டு அவளே கிளம்பி வந்தாள். தான் பெற்ற பிள்ளையைத் தானே வளர்ப்பதுதானே முறை என்று அப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏழாம் வரிசை என்பது ஆஸ்பத்திரியும் அதையொட்டிய ஊழியர் குடியிருப்பும். பூங்கோதையின் வீடும் அதில்தான். ஆயாக்கள், சமையல்காரர், வண்டியோட்டி, வார்டு பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள். அவள் பேசும் தமிழை அது எல்லாரும் கேட்கக் கெரோவா மொழியில் சொல்லும், கெரோவா மொழியைத் தமிழாக்கி அவள் காதில் சொல்லும். அதன் தமிழ் செய்தி வாசிப்பவரின் தமிழ்.

"தும்பி புடிச்சிட்டுதாக்கா?" என்றாள் ஞானசுந்தரி.

"புடிச்சிருச்சு போல."

"ஒருக்கா எல்லாரும் கேக்க விளங்கச் சொல்லுங்க. இங்க ஆளுக்கொண்ணு பேசுதாங்க."

பூங்கோதை சொன்னாள். "ஒவ்வொரு வரிசைத் தண்ணியிலயும் ஒரு சுவடு கலந்திருக்கு. ருசி கெடையாது, வாசம் கெடையாது, கெடுதலும் இல்ல. குடிச்சவுக மூச்சுல கொஞ்ச நாளைக்கு இருக்கும். தும்பி மாதிரி பறக்குதுல்ல, அந்த மிஷினு மூச்ச மோந்து பாக்கும். தடைப் பட்டியல்ல உள்ள ஒரு ஆளோட மூச்சுல நம்ம சுவடு இருந்தா நம்ம வரிசை தானா மூடிக்கிரும்."

"நீங்க தொறக்க முடியாதா?"

"என்னால முடியாது. ஆராலயும் முடியாது. முடியும்னா செம்படகுக்காரன் வந்து என் தலையில துப்பாக்கிய வச்சுத் தொறக்கச் சொல்லுவான்ல. அதுக்குத்தான் மனுசங்க கையில சாவியே குடுக்கல."

இந்த வாக்கியத்தை அவள் பல மேடைகளில் சொல்லியிருக்கிறாள். சலோரித் தாழ்வாரத்தில் யாரும் கைதட்டவில்லை.

"ஆறாம் வரிசைக்காரங்ககிட்ட ரெண்டு குடம் கேக்கலாமே," என்றார் சமையல்காரர் கெரோவா மொழியில். கருவி அதை "இரண்டு குடங்கள் யாசிக்கலாமே" என்று அவள் காதில் சொன்னது.

"வரிசை மூடிட்டா, தொறக்குற வரைக்கும் நாம எல்லாருமே பட்டியல் ஆளுக மாதிரிதான். நமக்குக் குடுத்தா அவுக வரிசையும் மூடிரும். அது அவுகளுக்குத் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. எதிர்ச்சாரியில் ஆறாம் வரிசை வீடுகளின் சன்னல்கள் எல்லாம் பட்டப்பகலில் சாத்தியிருந்தன.

"அப்ப தண்ணி வர என்னதான் வழி?"

"பட்டியல் ஆளுக்குத் தண்ணி குடுத்தது நான்தான்னு வரிசையில ஒருத்தர் முன்னால வந்து சொல்லணும். சொன்னவுக பேரு பட்டியல்ல ஏறும். மத்தவுகளுக்குத் தண்ணி வரும். பேரு ஏறினவுகளுக்கு அதுக்கப்பறம் எந்த வரிசையும் தண்ணி குடுக்கக் கூடாது."

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

வார்டுக்குள் நீயோ கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஆறு வயதுக் குழந்தை. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. வாரத்தில் மூன்று முறை மிஷின் அவள் ரத்தத்தைக் கழுவித் தர வேண்டும், அதற்குக் குடம் குடமாகச் சுத்தமான நீர் வேண்டும். போன முறையும் மின்சாரம் போய்ப் பாதியில் நின்றதால் கண்ணிமைகள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. மேல்தொட்டியில் மிச்சமிருந்தது எல்லாரும் குடிப்பதற்கு வேண்டுமானால் ஆகும். மிஷினுக்குக் காணாது.

"எத்தன நேரம் தாங்கும்?" என்று பூங்கோதை கேட்டாள்.

"இதயத் துடிப்பு இப்பமே சரியில்ல. பொழுதடையிறதுக்குள்ள மிஷின் ஓடலைன்னா எனக்குச் சொல்லத் தெரியல்லக்கா," என்றாள் ஞானசுந்தரி. குழந்தையின் காலடியில் அதன் அம்மா தெமிரா உட்கார்ந்திருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். யாரிடமும் எதுவும் கேட்காமல் பிள்ளையின் பாதத்தை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். குழி விழுந்தது, மேலே வரவில்லை.

அலுவலக அறைத் திரையில் ஆணையத்தின் விசாரணை அதிகாரி சிவநேசன் வந்தார். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர். பூங்கோதையுடன் பழக்கம் உண்டு, ஒரே மொழிக்காரர்கள் என்பதால் கொஞ்சம் உரிமையும் உண்டு.

"சார், ஒரு பிள்ள உசிரு போகப் போகுது. விதிவிலக்கு எதுவும் இருந்தா சொல்லுங்க."

"விலக்கு வைக்கக் கூடாதுன்னு வாதாடினதே நீங்கதானேம்மா," என்றார் அவர். குத்திக்காட்டும் குரல் இல்லை, களைத்த குரல். "நான் கேள்விய ஆரம்பிக்கிறேன். வரிசையில உள்ள எல்லாரையும் கேக்கணும், முதல்ல நீங்க. இந்த ரெண்டு வாரத்துல வரிசைக்கு வெளியே உள்ளவங்க யாருக்காச்சும் தண்ணி கொடுத்தீங்களா?"

"இல்லங்க சார்."

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. தண்ணீர் கொடுப்பது என்றதும் அவள் மனதில் வந்தவை குடம், டிரம், வேலிக்கு மேலே தூக்கிப்போடும் ரப்பர் குழாய். அப்படி எதையும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களும் இல்லை என்றார்கள். சிலர் சத்தியம் செய்தார்கள். ஒரு வண்டியோட்டி மட்டும், "தெமிராவைக் கேளுங்கள். அவள் அண்ணன் செம்படகில் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

அவ்வளவுதான். அதுவரை பொதுவாக இருந்த பயத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. தாழ்வாரம் முழுக்க அந்தப் பெயர் பரவியது. போன வாரம் அவள் ஒரு பாத்திரத்தை மூடி எடுத்துப்போனதை ஒருத்தி பார்த்திருந்தாள். அவள் அதிகம் பேசாததற்கு இன்னொருத்திக்கு இப்போது காரணம் புரிந்தது. சன்னலுக்கு வெளியே நின்ற ஆண்கள் உள்ளே வந்து அவளை இழுத்துப்போகவும் தயாராக இருந்தார்கள். பூங்கோதை அவர்களை நிறுத்தினாள். தானே பேசுவதாகச் சொன்னாள். படித்தவள், பதமாகப் பேசுவாள் என்று அவர்களும் விட்டார்கள்.

அவள் பேசிய விதம் பதமாகத்தான் இருந்தது, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. தெமிராவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கையை வைத்து, "இந்தா பாரும்மா, உன்னைய ஆரும் குத்தம் சொல்லல. அண்ணன் தம்பின்னா விட்டுக்குடுக்க முடியுமா? உன் பிள்ளைக்காகத்தான் சொல்றேன். நீ ஒரு வார்த்த சொன்னா மிஷின் ஓடும்" என்றாள். அத்தனை நியாயங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, குழந்தையின் வீங்கிய பாதத்தை அந்தப் பெண்ணுக்கே காட்டினாள்.

தெமிரா அழுதுகொண்டே நெடுநேரம் பேசினாள். கருவி அழுகையை விட்டுவிட்டு வார்த்தைகளை மட்டும் நிதானமாக வாசித்தது. "நான் என் தமையனைக் கண்டு நெடுங்காலம் ஆகிறது. அவனுக்கு நான் நீர் அளிக்கவில்லை. ஆயினும் என் மகள் பிழைப்பாள் எனில், நான் அளித்ததாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். பட்டியலில் சேர்ந்தபின் நான் அவள் அருகில் இருக்கலாமா என்பதை மட்டும் கூறுங்கள்."

இருக்க முடியாது என்று பூங்கோதைக்குத் தெரியும். "அத அப்பறம் பாத்துக்கலாம்," என்றாள்.

சிவநேசன் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டார். ஞானசுந்தரி மிஷின் பக்கத்தில் போய் நின்றாள். எல்லாரும் குழாயையே பார்த்தார்கள். குழாயில் காற்றுகூட வரவில்லை. சற்றுப் பொறுத்து அவர் திரையில் திரும்ப வந்தார்.

"நாள் ஒத்துப்போகலம்மா. சுவடு தேஞ்சிருக்கிற அளவ வச்சுப் பாத்தா, அந்த ஆள் உங்க தண்ணியக் குடிச்சது போன வியாழக்கிழமை பகல்ல. இந்தம்மா அன்னிக்குப் பகல் பூரா மகளோட வார்டுலதான் இருந்திருக்காங்க. கேமராவுல இருக்கு."

நாளைச் சரிபார்க்கும் அந்தக் கணக்கை எழுதியதே பூங்கோதைதான். அது அவள் நினைவுக்கு வரவில்லை. அல்லது, வந்துவிடாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு விஷயம். பொய் வாக்குமூலம் ஒரு தடவைதான் தாங்கும். ரெண்டாவதும் பொய்யா வந்தா வரிசை நிரந்தரமா மூடிடும். யோசிச்சு ஆளை அனுப்புங்க," என்றார் சிவநேசன்.

 தெமிராவை இழுக்க வந்த ஆண்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெமிரா பூங்கோதையை ஒருமுறை பார்த்தாள். மறுபடி பிள்ளையின் பாதத்தைத் தடவப் போய்விட்டாள்.

"வியாழக்கிழமையா?" என்றாள் ஞானசுந்தரி யோசனையோடு. "அண்ணைக்கு ஒங்களுக்கு லீவுல்லாக்கா. நான் டூட்டிக்கு வரும்போ ஒங்களுக்க வீட்டுப் படியில கண்ணாடி போட்ட ஒரு வயசாளி இருந்தாரே. அவரு ஆரு?"

"அவரா? ஆருன்னு தெரியல. வெயிலுக்கு ஒதுங்கி உக்காந்திருந்தாரு. பாவம், ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு. தண்ணி குடுத்தேன், குடிச்சிட்டுப் போய்ட்டாரு."

கருவி அதையும் விசுவாசமாகக் கெரோவா மொழியில் ஒப்பித்தது. திறந்திருந்த வார்டுக் கதவுக்கு அப்பால் முதலில் தலையைத் தூக்கிப் பார்த்தது தெமிரா.

"இல்லன்னு சொன்னீங்களேம்மா," என்றார் சிவநேசன் திரையிலிருந்து.

"எத?"

"யாருக்காச்சும் தண்ணி கொடுத்தீங்களான்னு கேட்டேன்."

"குடுக்கலையே சார். அது ஒரு செம்புத் தண்ணி…" என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அந்த வார்த்தை வாயிலேயே நின்றது.

அவள் ஊர்ப்பக்கத்தில் அதற்குக் கொடுப்பது என்று பெயர் இல்லை. வாசலில் ஒரு ஆள் வந்து நின்றால், வசூலுக்கு வந்தவனோ சண்டைக்கு வந்தவனோ, முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கைக்குப் போய்விடும். யார், எவர், என்ன சோலி என்பதெல்லாம் அவன் வாயைத் துடைத்த பிறகு. அதை யாரும் மறுநிமிஷம் நினைவில் வைத்திருப்பதில்லை. கண்ணிமைத்ததை யாராவது நினைவு வைத்துக்கொள்வார்களா? சுவடு என்ற திட்டத்தை வருஷக்கணக்காக யோசித்தபோதுகூட, தண்ணீர் கொடுப்பவள் என்று அவள் கற்பனை செய்த ஆள் இருட்டில் டிரம்மை உருட்டிக்கொண்டு போகும் ஒருத்தியாகத்தான் இருந்தாள்.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. காதுக் கருவி அன்றைக்குக் குளிர்பெட்டிக்கு மேலே கிடந்தது. அந்த மனிதர் செம்பைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பி, தலையை ஆட்டி, என்னவோ நீளமாகச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். சங்கோஜப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். "அட குடிங்கண்ணே. தண்ணிய வேணாம்னு சொல்லலாமா?" என்று கையைப் பிடித்துத் திணித்தாள். அவர் செம்பைப் பார்த்த பார்வையை அப்போதே கவனித்திருக்கலாம். கடைசியில் அவர் குடித்தார். ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாவது செம்பையும் அவளேதான் கொண்டுவந்தாள்.

மதுரையில் மகள் ரோகிணிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பட்டியலில் பெயர் ஏறினால் எந்தக் கப்பலும் விமானமும் ஏற்றாது. பேசாமல் இருந்துவிடலாம் என்று பூங்கோதை நினைத்தாள். நினைக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளே தெரியவில்லை, ஞானசுந்தரி பார்த்தது வேறு யாரையோ என்று சாதிக்கலாம், ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. வார்டுக்குள் மிஷினின் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தது. தெமிரா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூங்கோதைக்கு மறுத்துப் பேசவாவது ஏதாவது கிடைத்திருக்கும்.

"எழுதிக்கங்க சார். நான்தான்."

சிவநேசன் உடனே எழுதவில்லை. "கொஞ்சம் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுப் பேசுறீங்களா," என்றார். ஞானசுந்தரி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"அந்த ஆளு ஆரு சார்? செம்படகுல பெரிய ஆளா?"

"செம்படகு இல்லம்மா. வடக்க தெகாரா ஊர்ல வாத்தியார். போன மாசம் அங்க ஒரு வரிசை மூடிச்சு. இவர்தான் முன்னால வந்து, நான் கொடுத்தேன்னு சொன்னார். அப்படிப் பட்டியல்ல ஏறினவர்."

"ஆருக்குக் குடுத்தாராம்?"

"ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கு."

"அது?"

"அதுவும் அந்த மாதிரி வந்து சொன்ன பொண்ணுதான். வேற ஒரு வரிசையில."

பூங்கோதை திரையை நெருங்கினாள். "மொதல்ல ஆரோ ஒரு செம்படகுக்காரன் இருப்பான்ல சார். அவன்கிட்டருந்துதானே ஆரம்பிக்கும்."

"நானும் பின்னாலயே போய்த் தேடிப் பாத்தேன். இந்த வருஷம் பட்டியல்ல ஏறின பேர்ல நான் பாத்த வரைக்கும் எல்லாமே தண்ணி கொடுத்தவங்கதான். செம்படகுக்காரங்களுக்கு அரசாங்கம் கடத்தல் புட்டித் தண்ணி இறக்கித் தருதும்மா. அதுல ஏது சுவடு? அவங்களுக்குத் தாகமே எடுக்கல."

"மேல சொல்லலையா நீங்க?"

"எழுதினேன். பட்டியல் நீண்டுக்கிட்டே போகுதே, அப்ப திட்டம் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்னு பதில் வந்துச்சு."

பூங்கோதைக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பதிலை எழுதியது யாராக இருந்தாலும், இரண்டு வருஷத்துக்கு முன்பு என்றால் அவளும் அதையேதான் எழுதியிருப்பாள். அந்த நினைப்புதான் அவளைக் கொன்றது.

"இப்பவும் நான் இத எழுதாம விட முடியும். ஆனா தண்ணி வராது," என்றார் சிவநேசன்.

"எழுதுங்க. பேரு ஏறினா நான் எங்க போகணும்?"

"தலைநகரத் துறைமுகத்துல ஆணையத்தோட கப்பல் நிக்குது. பட்டியல் ஆளுங்களுக்கு அங்க சுவடு இல்லாத தண்ணி கொடுப்பாங்க. மலையத் தாண்டிப் போகணும். பஸ்ல ஏத்த மாட்டாங்க, ஆலை வண்டியும் இனி உங்களுக்கு ஓடாது. உங்க உடம்புல இப்ப இருக்கிற ஏழாம் வரிசைச் சுவட்ட நான் கணக்குல கழிச்சிடறேன். ஆனா இந்த நிமிஷத்துக்கு அப்புறம் எந்த வரிசைத் தண்ணி உங்க மூச்சுல இருந்தாலும் அந்த வரிசை மூடிடும். கப்பல் வரைக்கும் எதையும் குடிக்காதீங்க."

"வாத்தியாரும் அங்கதான் போய்க்கிட்டிருந்தாரா?"

"ஆமாம்மா."

"போய்ச் சேந்துட்டாரா?"

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தும்பி அவர மலைப்பாதையில பாத்துச்சு. அப்ப எடுத்த மூச்சுதான் உங்க வரிசைய மூடினது. அதுக்கப்புறம் அவர் மூச்சு எங்கயும் பதிவாகல."

குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு இருமியது, பிறகு தண்ணீர் கொட்டியது. வார்டுக்குள் யாரோ சத்தமாக அழுதார்கள். மிஷினின் மணி நின்று அதன் வழக்கமான உறுமல் கேட்க ஆரம்பித்தது. பூங்கோதை உள்ளே போகவில்லை. குழாய்ச் சத்தம் காதில் விழுந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞானசுந்தரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. வாசலில் வழிமறித்தாள். "நான் வாய வச்சுட்டுச் சும்மா இருந்திருக்கணும். எனக்க நாக்கு அழுகிப்போவட்டு," என்றாள்.

"நீ கேக்காட்டி அந்தப் பிள்ள போயிருக்கும். உள்ள போத்தா, மிஷினப் பாரு. ரோகிணிக்கு மட்டும் ஒரு போனு போட்டு, அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி, பரீட்சைய ஒழுங்கா எழுதச் சொன்னாகன்னு சொல்லிரு."

தெமிரா வெளியே வந்தாள். கொஞ்ச தூரத்திலேயே நின்றுகொண்டு இரண்டே வாக்கியம் பேசினாள். கருவி அதை வாசித்தது. "நீங்கள் இன்று என்னிடம் செய்ததை என்னால் மறக்க இயலாது. என் மகளின் இயந்திரம் ஓடுகிறது என்பதையும் தங்களிடம் கூற விரும்பினேன்."

 பூங்கோதை கருவியைக் கழற்றி ஞானசுந்தரியின் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

மலைப்பாதைக்குப் பன்னிரண்டாம் வரிசைத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஊரின் கடைசித் தெரு. வெயில் சாய்ந்தும் தரை கொதித்தது. வாயில் உமிழ்நீர் ஊறவே இல்லை. அவள் தெருவின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஒரு வீட்டு முன்னால் வலைமேல் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். இவளைவிட வயதில் சிறியவள். இடுப்பில் ஒரு குழந்தை, வாசலில் இன்னும் இரண்டு. அவள் பூங்கோதையின் உதட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

எதற்குப் போகிறாள் என்று பூங்கோதைக்குத் தெரியும். அந்த அவசரம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அவசரம்தான். கெரோவாவிலும் அப்படித்தான் என்று இத்தனை நாள் அவள் கவனித்ததே இல்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, தாகமே இல்லாதவள்போல நிமிர்ந்து, நடையை எட்டிப் போட்டாள். பின்னால் அந்தப் பெண் கூப்பிடுவது கேட்டது. மொழி புரியவில்லை. கூப்பிட்ட குரல் நெருங்கியது, கூடவே செருப்புச் சத்தமும், பாத்திரத்திலிருந்து தண்ணீர் தளும்பிச் சிந்தும் சத்தமும்.

பூங்கோதை ஓடத் தொடங்கினாள்.